கடைசி முப்பது அடி

லண்டன் செயின்ட் பாங்கரஸ் ரயில் நிலையத்தில், பாரிஸ் வண்டிக்காகப் பயணிகள் பெட்டிகளை உருட்டிக்கொண்டு வரிசையில் நிற்கும் கீழ்த்தளம் 1868இல் பீர்ப் பீப்பாய்களுக்காகக் கட்டப்பட்ட கிடங்கு. வடக்கே பர்ட்டன் நகரத்து ஆலைகளிலிருந்து மிட்லண்ட் ரயில்வே ஏற்றிவந்த பீப்பாய்கள், சரக்கு வண்டியோடு சேர்த்து நீரழுத்தத் தூக்கியில் அங்கே இறங்கின. பொறியாளர் வில்லியம் ஹென்றி பார்லோ இரும்புத் தூண்களை 14 அடி 8 அங்குல இடைவெளியில் நிறுத்தினார். பீப்பாய்களை இடம் வீணாகாமல் அடுக்கத் தோதான கணக்கு அது. ஒரு பெருநகர ரயில் நிலையத்துக்கே பீப்பாய்தான் அளவுகோலாக இருந்தது.

ஆலையும் ரயிலும் இப்படிப் பார்த்துப் பார்த்துக் கொண்டுவந்து சேர்த்த பீர், பப்பின் நிலவறையிலிருந்து மேலே கோப்பைக்கு வரும் கடைசி முப்பது அடியில் கெட்டுப்போவது சர்வசாதாரணம். பிரிட்டிஷ் பீரின் கதையை ஆலை முதலாளிகளின் கதையாகவே எழுதிப் பழகிவிட்டார்கள். வாடிக்கையாளர் முகம் சுளித்துக் கோப்பையைத் திருப்பித் தள்ளும்போது யாரைக் குற்றம் சொல்வது? காய்ச்சியவரையா, ஊற்றியவரையா? இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஓயாத வழக்கு இது. பம்பு, குழாய், வாயு, சட்டம் என்று வந்த ஒவ்வொன்றும் இந்த வழக்கைத் தீர்க்க வந்ததாகவே சொல்லிக்கொண்டது.

நிலவறையில் நடக்கும் வேலையை ஒருமுறை பார்த்துவிட்டால் வழக்கு ஏன் தீரவில்லை என்பது விளங்கும். நடைபாதையில் உள்ள மரக்கதவைத் திறந்து, சாய்வாகப் போட்ட இரட்டைச் சட்டத்தின் வழியே பீப்பாயைக் கீழே உருட்டுவார்கள். உள்ளே 12, 13 டிகிரி குளிர். பீப்பாயை மேடையில் படுக்கவைத்து மூன்று ஆப்புகளால் அசையாமல் இறுக்க வேண்டும். இந்த பீர் ஆலையிலிருந்து முழுதாக முடிந்து வருவதில்லை. உள்ளே ஈஸ்ட் உயிரோடு இருக்கிறது, நொதித்துக்கொண்டே இருக்கிறது. மேற்பக்கத் தக்கையில், காற்று கசியக்கூடிய மென்மரக் குச்சி ஒன்றை அடித்து இறக்கினால் புஸ்ஸென்று நுரை பொங்கும். துடைக்கத் துடைக்கப் பொங்கும். அது அடங்கியதும், காற்றுப் புகாத கடினமரக் குச்சியை மாற்றி அடிக்க வேண்டும். அடங்க ஒரு நாளும் ஆகலாம், மூன்று நாளும் ஆகலாம். அது பீரையும் பருவத்தையும் பொறுத்தது. முந்திக்கொண்டால் கோப்பையில் வெறும் நுரைதான். பிந்திவிட்டால் சப்பென்று போன தண்ணீர். பிறகு முன்பக்கத் தக்கையின்மேல் குழாயை வைத்துக் கொட்டாப்புளியால் ஓங்கி ஒரே போடு. இரண்டாவது அடி தேவைப்பட்டால் சட்டை முழுக்க பீர்தான்.

அதன்பின் கெடு தொடங்குகிறது. ஒரு பைன்ட் பீர் வெளியே போகும்போதெல்லாம் ஒரு பைன்ட் நிலவறைக் காற்று உள்ளே வருகிறது. அந்தக் காற்றில் பீரைக் காடியாக்கும் பாக்டீரியாவும் இருக்கிறது. விடியலில் இறக்கிய கள் மாலைக்குள் கடுத்துவிடுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கள்ளைவிட பீருக்கு ஆயுள் கொஞ்சம் கூட, மூன்று நாள். பப்களில் அதிகம் புழங்கும் சிறிய பீப்பாய் 9 கேலன், அதாவது 72 பைன்ட். திறந்த பீப்பாயின் 72 பைன்டும் மூன்று நாளில் விற்றாக வேண்டும்.

18ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பம்பு கிடையாது. கூஜாவைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி ஏறும் பையன்கள்தான் பம்பு. கூட்டம் சேர்ந்தால் பையனும் தாமதம், பீரும் தாமதம். யாரும் பார்க்காத நிலவறையில் பையன் ஒரு வாய் குடித்துவிட்டு வருவதும் உண்டு. லண்டனில் பூட்டுக்குப் பேர்போன ஜோசப் பிராமா 1797இல் எடுத்த காப்புரிமையில், கீழே இருக்கும் பீரை மேலே மேசைக்குக் கொண்டுவரும் ஏற்பாடு ஒன்றும் இருந்தது. (தங்கள் பூட்டைத் திறப்பவருக்கு 200 கினி என்று அவருடைய நிறுவனம் கடைச் சன்னலில் அறிவித்திருந்தது, 1851இல்தான் ஒருவர் வந்து திறந்தார்.) பப் உலகம் கைப்பம்பின் தந்தையாக அவரையே கொண்டாடுகிறது. கடைகளில் உண்மையில் பரவியது அவர் வரைந்ததைவிட எளிய சாதனம்: மேசைக்கு அடியில் அரை பைன்ட் கொள்ளும் உருளை, அதற்குள் ஓர் உந்துதண்டு, மேலே ஒரு நீளக் கைப்பிடி. இழுத்தால் அரை பைன்ட் வரும்.

பம்பு பையன்களின் வேலையைப் பறித்தது. கடைக்காரரை மேசைக்குப் பின்னால் நிறுத்தியது. இன்று பப் என்றதும் கண்முன் வரும் அந்த நீண்ட மேசையும், வரிசையான கைப்பிடிகளும், எதிரே நிற்கும் கூட்டமும் பம்பு கொண்டுவந்த அமைப்பு. கூடவே ஒரு புதுத் தலைவலியும் வந்தது. அதுவரை பீரைக் கெடுக்க பீப்பாய் மட்டும்தான் இருந்தது. இப்போது நிலவறைக்கும் மேசைக்கும் நடுவே ஒரு குழாய் வந்துவிட்டது, அதுவும் ஈயக் குழாய். இரவு கடையடைத்த பிறகு புளிப்புள்ள பீர் அந்த ஈயத்துக்குள்ளேயே விடியும்வரை நிற்கும். காலையில் முதலில் வந்து குடிப்பவருக்குக் கிடைப்பது ஈயம் கரைந்த பீர். விவரம் தெரிந்த கடைக்காரர்கள் முதல் இழுப்பைச் சாக்கடையில் கொட்டினார்கள். தெரியாதவர்களும், தெரிந்தும் மனம் வராதவர்களும் கொட்டவில்லை. குழாயில் நின்ற பீரை விற்கக் கூடாது என்ற விதி ஈயக் குழாய்கள் போன பிறகும் பப் தொழிலில் நிலைத்துவிட்டது.

பம்பு பேரரசோடு கப்பலும் ஏறியது. இலங்கையில் நுவரெலியா மலையில் காய்ச்சிய லயன் ஸ்டவுட்டை, 1990களில்கூடக் கண்டியின் ஒரு பழைய மதுக்கடையில் பீப்பாயிலிருந்து கைப்பம்பால் இழுத்துக் கொடுத்தார்கள். பீர் எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் (பாடகர் அல்ல) இங்கிலாந்தே மறக்கத் தொடங்கியிருந்த வழக்கம் புத்தரின் புனிதப் பல் இருக்கும் ஊரில் நீடிப்பதைக் கண்டு எழுதியிருக்கிறார்.

கோப்பையில் நுரை நிற்க வேண்டும் என்பது குடிப்பவரின் பிடிவாதம். நுரை நின்றால்தான் நல்ல சரக்கு என்று நம்பினார்கள். வலுவான போர்ட்டர் பீரில் மலிவான சன்னமான பீரைக் கலந்து அளவைப் பெருக்கிய கடைக்காரர்களுக்கு இது சங்கடம். கலந்ததும் நுரை செத்துவிடும். ஜெர்மனியில் பிறந்து லண்டனில் வாழ்ந்த வேதியியலாளர் ஃபிரடெரிக் ஆக்கம் 1820இல் வெளியிட்ட உணவுக் கலப்பட நூல் இந்தக் குட்டை உடைத்தது. செத்த நுரையை எழுப்ப அன்னபேதியும் படிகாரமும் உப்பும் சேர்ந்த ஒரு பொடி புழக்கத்தில் இருந்தது. போதைக்குக் காக்கைக்கொல்லி விதை சேர்த்தவர்களும் இருந்தார்கள். பிடிபட்டுத் தண்டம் கட்டியவர்களின் பெயர்களை ஆக்கம் பட்டியலாகவே அச்சிட்டார். ஆலைக்காரர்கள் கடைக்காரர்களைக் கைகாட்டினார்கள், கடைக்காரர்கள் ஆலைகளை. அடுத்த ஆண்டே, நூலகப் புத்தகங்களின் தாள்களைக் கிழித்தார் என்ற வழக்கில் சிக்கி ஆக்கம் இங்கிலாந்தைவிட்டே போய்விட்டார். அவருடைய எதிரிகள் அதற்காக வருத்தப்பட்டிருக்க வாய்ப்பில்லை.

கலங்கல் இன்னொரு பிரச்சினை. பீப்பாய்க்குள் மிதக்கும் ஈஸ்ட்டை அடியில் படியவைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசைப்பொருளைக் கலப்பார்கள். அது ஈஸ்ட்டைப் பிடித்துக்கொண்டு கீழே போகும். முதலில் ரஷ்யாவின் ஸ்டர்ஜன் மீனை நம்பியிருந்தார்கள். விலை ஏற ஏற, பேரரசின் கடற்கரைகள் நினைவுக்கு வந்தன. கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியாற்றிய ஜான் ஃபோர்ப்ஸ் ராயில் 1842இல் இந்தியக் கடலோரங்களில் இப்பொருளைத் தயாரிப்பது பற்றித் தனிநூலே எழுதினார். நம்மூர்க் கடலோரத்தில் கூறல் கத்தாழை வலையில் விழுந்தால் மீனைவிட அதன் நெட்டிக்கு, அதாவது காற்றுப்பைக்கு, விலை கேட்கும் வியாபாரிகள் உண்டு. நெட்டி போகும் வழிகளில் மது தெளியவைக்கும் தொழிலும் ஒன்று. டப்ளினின் கின்னஸ் நிறுவனம் தன் டிராஃப்ட் பீரில் மீன் பசையைக் கைவிடுவதாக 2015இல்தான் அறிவித்தது. அதுவரை எத்தனை சைவர்கள் அறியாமல் குடித்தார்களோ!

பசை போட்ட பீரைப் போட்ட இடத்தில் விட்டுவிட வேண்டும். இடையில் யாராவது பீப்பாயில் இடித்துவிட்டால் அடியில் படிந்ததெல்லாம் எழும்பிவிடும். ஆனால் பீர் குறையக் குறையப் பீப்பாயின் பின்பக்கத்தை உயர்த்திச் சாய்த்தும் ஆக வேண்டும். யாரும் பீர் கேட்காத நேரம் பார்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆப்பை மெல்ல நகர்த்துவார் நிலவறைக்காரர்.

1871இல் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் லண்டன் சிஸ்வெல் தெருவிலிருந்த விட்பிரெட் ஆலைக்கு வந்தார். பிரெஞ்சுக்காரர்கள் அப்போதுதான் ஜெர்மனியிடம் போரில் தோற்றிருந்தார்கள். பீரிலாவது ஜெர்மானியரை வெல்ல வேண்டும் என்று பாஸ்டருக்கு ஒரு வெறி. ஆலையின் ஈஸ்ட்டை நுண்ணோக்கியில் பார்த்து, அதில் வேண்டாத உயிரிகள் கலந்திருப்பதைச் சுட்டிக்காட்டினார். ஒரு வாரத்துக்குள் அவர் திரும்பி வந்தபோது விட்பிரெட்காரர்கள் சொந்தமாக ஒரு நுண்ணோக்கி வாங்கி வைத்திருந்தார்கள். 1876இல் பீர் பற்றிய பாஸ்டரின் நூல் வெளிவந்தது. பீர் ஏன் புளிக்கிறது என்பதற்கு அதன்பின் இடியையும் வெயிலையும் மரத்தையும் பழிக்கத் தேவையிருக்கவில்லை.

இதனால் ஆலைகள் சுத்தமாயின. நிலவறைகளுக்கு நுண்ணோக்கி போகவில்லை. அங்கே போனவர்கள் கண்காணிப்பாளர்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆலைகள் பப்களை விலைக்கு வாங்கிக் குவித்தன. தங்கள் பீரை மட்டும் விற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு குத்தகைக்கு விட்டன. ஊற்றுபவர் இப்போது காய்ச்சுபவரின் குடித்தனக்காரர். பீர் சரியில்லை என்றால் குற்றவாளி யார் என்று கேட்கவே தேவையில்லை, வீட்டுக்காரர் சொல்வதுதான் தீர்ப்பு. 1900இல் மான்செஸ்டரிலும் சுற்றுவட்டாரத்திலும் பீர் குடித்த 6,000க்கு மேற்பட்டோர் நோயில் விழுந்து, குறைந்தது 70 பேர் இறந்தபோதுதான் விரல் எதிர்ப்பக்கம் திரும்பியது. ஆலைகள் வாங்கிய சர்க்கரையில் ஆர்செனிக். அந்தச் சர்க்கரையைத் தயாரிக்கப் பயன்பட்ட கந்தக அமிலத்தின் வழியாக விஷம் வந்திருந்தது. எந்த நிலவறைக்காரராலும் அதைத் தடுத்திருக்க முடியாது.

இந்த வழக்கை ஒரேயடியாக முடிக்கத் துணிந்தது லண்டன் வாட்னி ஆலை. 1930களில் கிழக்கு ஷீன் டென்னிஸ் மன்றத்தில் ஒரு சோதனை நடந்தது. வார இறுதியில் மட்டும் கூட்டம் வரும் இடம்; மற்ற நாட்களில் பீப்பாய் சும்மா கிடந்து புளித்துப்போகும். பீரை வடிகட்டி, சூடாக்கி ஈஸ்ட்டைக் கொன்று, இறுக மூடிய உலோகக் கலனில் அடைத்து, கார்பன் டை ஆக்சைடு வாயுவின் அழுத்தத்தில் மேலே தள்ளினார்கள். காற்றே உள்ளே போகாது, ஆகவே கெடாது. குச்சியில்லை, ஆப்பில்லை, கொட்டாப்புளியில்லை. கெக் என்ற அந்தக் கலன் 1960களில் பிரிட்டனை ஆண்டது. வாட்னியின் ‘ரெட் பேரல்’ ஊரெங்கும் ஓடியது. நிலவறைக்காரரின் கைத்திறன் தேவையில்லாமல் போனது. ஆலை முதலாளிகள் விரும்பியதும் அதைத்தான் என்று சொல்வதில் தவறில்லை.

குடிப்பவர்களில் சிலர் விரும்பவில்லை. 1971 மார்ச்சில், அயர்லாந்தின் மேற்குக் கோடியில் டன்குவின் கிராமத்து குரூகர் பப்பில், விடுமுறைக்குப் போன நான்கு ஆங்கிலேய நண்பர்கள் கூடி இங்கிலாந்து பீரின் கதியை எண்ணி நொந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதுவே கேம்ரா. பீப்பாய்க்குள் நொதித்துத் தேறி, வெளியிலிருந்து வாயு சேர்க்காமல் ஊற்றப்படுவதே உண்மையான ஏல், அதாவது பழைய பாணி பிரிட்டிஷ் பீர், என்று வரையறுத்தார்கள். 1974இல் வந்த அவர்களுடைய வழிகாட்டி நூல், வாட்னி ஆலையைப் பற்றிச் சொன்னதைக் கண்டு அச்சகத்தாரே மிரண்டு வாசகத்தை மாற்ற வைத்தார்கள். கேம்ரா ஜெயித்த கதை பலமுறை சொல்லப்பட்டுவிட்டது. அந்த வெற்றி நல்ல பீரோடு கெட்ட நிலவறைகளுக்கும் உயிர் கொடுத்தது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. ஒரு தலைமுறை கெக்கில் பழகிய கடைக்காரர்களிடம் திரும்பவும் உயிருள்ள பீப்பாயைக் கொடுத்தால் என்ன ஆகும்? காடி வாடையோடு ஒரு கோப்பையும், “சார், இது இப்படித்தான் இருக்கும்” என்ற பதிலும் கிடைக்கும்.

டப்ளின்காரர்கள் வேறொரு வழி கண்டார்கள். பழைய ஐரிஷ் பப்பில் கின்னஸ் ஊற்ற இரண்டு பீப்பாய்கள் வேண்டும்: மேலே துள்ளும் புது பீர், கீழே அடங்கிய பழைய பீர். இரண்டையும் மாற்றி மாற்றி ஊற்றி, நுரையைச் சீவி, அடங்கவிட்டு, மறுபடி ஊற்றிக் கோப்பையைக் கட்டுவார்கள். 1951இல் நிறுவனத்தில் சேர்ந்த கேம்பிரிட்ஜ் கணிதக்காரர் மைக்கேல் ஆஷ் இதை ஒரே கலனில் முடிக்க முயன்றார். கார்பன் டை ஆக்சைடு மட்டும் போட்டால் கறுப்பு பீர் சோடாபோலச் சீறியது. பீரில் அவ்வளவாகக் கரையாத நைட்ரஜனை அதிகம் சேர்த்தார். குமிழ்கள் மிகச் சிறியவையாகி வெண்ணெய்போல நுரை வந்தது. நிறுவனத்தின் 200ஆம் ஆண்டான 1959இல் அது கடைக்கு வந்தது. அவருடைய முயற்சியை அலுவலகத்திலேயே கேலி செய்தவர்கள் இருந்தார்கள். தேவையே இல்லாதபோதும் இரண்டு தவணையில் ஊற்றும் சடங்கு மட்டும் அப்படியே நின்றுவிட்டது. விளம்பரத்துக்கு அது தோதாகிப் போனது.

வாயு வந்த பிறகும் குழாய் போகவில்லை. ஈயம் மறைந்து பிளாஸ்டிக் வந்தது. அதற்குள்ளும் ஈஸ்ட் படலம் படிகிறது, கால்சியம் ஆக்சலேட் கல்லாக இறுகுகிறது, அந்தச் சொரசொரப்பில் பாக்டீரியா குடியேறுகிறது. பீரில் வெண்ணெய் வாடை அடித்தால், காடி நெடி வந்தால், நுரை அடங்காமல் பொங்கினால் முதலில் பார்க்க வேண்டியது குழாயை. பிரிட்டனில் வாரம் ஒருமுறை காஸ்டிக் கலந்த திரவத்தால் கழுவுவது வழக்கம். பல பப்களில் அந்தத் திரவம் ஊதா நிறம். அழுக்கைத் தொட்டதும் பச்சையாகும். ஊதா ஊதாவாகவே வெளியே வரும்வரை இழுத்துக்கொண்டிருக்க வேண்டும், பிறகு தண்ணீர் விட்டு அலச வேண்டும். அலச மறந்த திரவம் கோப்பைக்கு வந்து வாடிக்கையாளரின் வாயும் தொண்டையும் வெந்து, பப்கள் நீதிமன்றத்தில் அபராதம் கட்டிய சம்பவங்கள் உண்டு. கழுவும்போதெல்லாம் குழாயில் நிற்கும் பீர் வீண். பத்துக் குழாய் உள்ள கடையில் அது சின்ன நஷ்டமல்ல. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்ற சபலம் இங்கேதான் பிறக்கிறது.

1989இல் அரசு தலையிட்டது. 2,000 பப்களுக்கு மேல் கட்டிவைத்திருந்த பெரிய ஆலைகள், அந்த எண்ணிக்கைக்கு மேற்பட்டவற்றில் பாதியை விடுவிக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. ஆலைகள் பப்களை விற்க, வாங்கியவை ரியல் எஸ்டேட் கணக்குப் பார்க்கும் பப் கம்பெனிகள். ஆலைக் கண்காணிப்பாளரும் மறைந்தார். 1990களின் பிற்பகுதியில், தரமான பீப்பாய் பீர் ஊற்றும் கடைகளுக்குச் சான்று தரும் ‘காஸ்க் மார்க்’ அமைப்பை ஆலைகளே தொடங்கின. அதன் பரிசோதகர்கள் கையில் வெப்பமானியோடு சொல்லாமல் கொள்ளாமல் வருவார்கள்.

பீப்பாய் ஏலின் விற்பனையோ சுருங்கிக்கொண்டே வந்தது. மூன்று நாளில் 72 பைன்ட் தீராத கிராமத்துக் கடைக்காரர் என்ன செய்வார்? காற்றுக்குப் பதிலாக, அழுத்தம் ஏற்றாமல், கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடை உள்ளே விடும் சிறு வால்வு பல காலமாகவே இருந்தது. பீர் கூடுதலாகச் சில நாள் தாங்கும். வெளி வாயு கூடாது என்ற விதியைச் சொல்லிக் கேம்ரா அதை எதிர்த்தது; கண்ணை மூடிக் குடித்தால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது என்று உறுப்பினர்களே வாதிட்டார்கள். 2018இல்தான் கேம்ரா அந்த எதிர்ப்பைக் கைவிட்டது.

2024இல் கார்ல்ஸ்பர்க் மார்ஸ்டன்ஸ் நிறுவனம் ‘ஃப்ரெஷ் ஏல்’ என்ற பெயரில் ஒன்றை இறக்கியது. நிலவறையில் இருப்பது கெக். திறந்தபின் 14 நாள் தாங்கும். மேசையில் இருப்பதோ பழைய கைப்பம்பு. கைப்பிடியைப் பார்த்தே கீழே பீப்பாய் இருக்கிறது என்று நம்பும் வாடிக்கையாளரை இது ஏமாற்றுகிறது என்று கேம்ரா தேசிய வர்த்தகத் தர அமைப்பிடம் புகார் கொடுத்தது. மூன்று நாளில் தீராத பீப்பாயைச் சாக்கடையில் கொட்டிக் கொட்டிச் சலித்த கடைக்காரர்கள், புகாரைப் படித்துவிட்டு எந்தப் பக்கம் தலையாட்டியிருப்பார்கள் என்பதை ஊகிப்பது கடினமில்லை.